ஒரே நாளில் உயிரியல் பூங்கா: முழுச் சுற்றா, ஆறே இடமா?

வழித்துணை:
நகரத்துப் பெரிய உயிரியல் பூங்கா ஒன்றுக்கு ஒருநாள் குடும்பத்தோடு போகத் திட்டம். 7 வயதுப் பையன், 3 வயதுப் பெண், முட்டிவலி உள்ள பாட்டி, பெற்றோர் இருவர். வரைபடத்தில் 60 விலங்கு அடைப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு சுற்று வந்துவிடலாம் என்கிறார்கள் சிலர். ஐந்தாறு போதும் என்கிறார்கள் சிலர். எது சரி? "சீக்கிரம் போங்க, தண்ணி எடுத்துட்டுப் போங்க" என்பது தெரியும். அதற்கு மேல் சொல்லுங்கள்.

அகழிக்கரை:
முழுச் சுற்றுதான். எது வெளியே இருக்கும், எது உள்ளே இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒன்றுக்குச் சிகிச்சை நடக்கும், ஒன்று குட்டி போட்டிருக்கும், இன்னொன்றின் அடைப்பில் பழுதுபார்ப்பு வேலை. ஆறைப் பொறுக்கிக்கொண்டு போய் மூன்று காலியாக இருந்தால் பாதி நாள் போச்சு. அறுபதில் பத்து காலியானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆனால் வரிசை முக்கியம். நுழைந்ததும் முதல் அடைப்பில் நிற்காதீர்கள். மொத்தக் கூட்டமும் அங்கேதான் தேங்கும். பேட்டரி வண்டி இருந்தால் நேரே கடைக்கோடிக்குப் போய், அங்கிருந்து வாசலை நோக்கி நடந்து வாருங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கு. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம்வரை சும்மா கிடக்கும். வெயில் ஏறியபின் போனால் வாலைத்தான் பார்க்கலாம். கிப்பனின் கூவலைக் கேட்கவும் காலைதான். யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரையெல்லாம் பிற்பகலுக்குத் தள்ளலாம். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனம் வேண்டும். அதைத் தின்னவே பகலில் பெரும்பகுதி ஓடிவிடும். எப்போது போனாலும் எதையாவது மென்றுகொண்டிருக்கும். உச்சி வெயிலுக்குக் கூரையுள்ள இடங்கள்: ஊர்வன இல்லம், மீன் காட்சியகம், இரவு விலங்குகள் இல்லம்.

நிதானன்:
அகழிக்கரை சாரின் வரிசையில் எனக்குச் சண்டை இல்லை. எண்ணிக்கையில்தான். 60 அடைப்பு, 6 மணி நேரம் என்றால் ஒன்றுக்கு 6 நிமிடம். நடை, கழிப்பறை, சாப்பாடு, அழுகை எல்லாம் போனால் 3 நிமிடம் தேறாது. அதில் என்ன தெரியும்?

நீர்யானையை எடுங்கள். பகலில் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கும். ஒருமுறை முங்கினால் 3 முதல் 5 நிமிடம் வரை மேலே வராது. 2 நிமிடம் நின்றவர்கள் கலங்கிய குட்டையைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்று போய்விடுவார்கள். இன்னும் 3 நிமிடம் நின்றிருந்தால் மூக்கு, கண், காது மூன்றும் ஒரே மட்டத்தில் மேலே வருவதைப் பார்த்திருக்கலாம். மூன்றும் ஏன் தலையுச்சியில் இருக்கின்றன என்ற கேள்வியைப் பையனே கேட்பான்.

இரவு விலங்குகள் இல்லம் இன்னும் மோசம். அங்கே பகல் இரவு தலைகீழ்: இரவில் விளக்கு போட்டுப் பகலில் அணைத்து வைத்திருப்பார்கள், தேவாங்கும் முள்ளம்பன்றியும் நம் பகலில் நடமாட வேண்டும் என்பதற்காக. வெயிலிலிருந்து உள்ளே போகும் கண்ணுக்கு முதலில் எதுவும் புலப்படாது. இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி ஆகும். 7, 8 நிமிடத்தில் அசைவாவது தெரியத் தொடங்கும். பெரும்பாலோர் அதற்குள் வெளியே வந்துவிடுகிறார்கள். நடுவில் யாராவது செல்பேசித் திரையைத் திறந்தால் பழகிய கண்ணும் பழையபடி ஆகிவிடும். முதல் 5 நிமிடம் கண்ணாடிப் பக்கமே போகாமல் சுவரோரம் நில்லுங்கள், பிறகு தொடங்குங்கள்.

ஆறு இடம், ஒவ்வொன்றிலும் 20 நிமிடம். நடுவில் கண்ணில் படுவதெல்லாம் கொசுறு.

அகழிக்கரை:
தூங்குகிற சிங்கத்தின் முன்னால் 20 நிமிடம் நின்றால் 20 நிமிடத் தூக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். 3 வயதுக் குழந்தை அதற்குள் செருப்பைக் கழற்றி எறிந்திருக்கும். நான் சொல்வது இது: 3 நிமிடம் பாருங்கள், அசைவில்லையென்றால் நகருங்கள், திரும்பும் வழியில் மறுபடி எட்டிப் பாருங்கள். நீர்யானை, இருட்டில்லம் இரண்டுக்கும் விதிவிலக்கு தருகிறேன்.

ஒன்று கவனம். பல பூங்காக்களில் மூடும் நேரத்துக்கு முன்பே பெரிய பூனைகளை இரவு அறைக்குள் அழைத்துவிடுவார்கள். சாப்பாடும் அங்கேதான். வாசல் பலகையில் போட்டிருக்கும் மூடும் நேரம் மனிதர்களுக்கு, புலிக்கு அல்ல. "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்களுக்குப் பூட்டிய கதவுதான் கிடைக்கும். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: எத்தனை மணிக்கு உள்ளே விடுகிறீர்கள், இன்று எவையெவை வெளியே இல்லை?

தீவனக்கட்டு:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். "காலி" என்று பார்வையாளர் சொல்லும் அடைப்புகளில் பல காலியே இல்லை. கம்பி இல்லாமல் அகழி வைத்துக் காட்டும் முறையை ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் ஸ்டெல்லிங்கனில் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் 1907-ல் திறந்த பூங்கா பரவலாக்கியது. பார்க்க அழகு; ஆனால் விலங்குக்கு நம்மிடமிருந்து ஒதுங்க இடமும் கிடைத்துவிட்டது. ஆகவே நடுவெளியைப் பார்க்காதீர்கள். பின்சுவர் நிழல், பாறைக்கு அடி, குட்டையின் விளிம்பு, பராமரிப்பாளர் வந்துபோகும் கதவு, இந்த நாலு இடத்தையும் வரிசையாகக் கண்ணால் துழாவுங்கள். உடலைத் தேடாமல் காது, வால் அசைவைத் தேடுங்கள். ஒரே அடைப்புக்கு இரண்டு மூன்று பார்வை மேடைகள் இருக்கும். முதலாவதில் தெரியாதது மூன்றாவதில் காலடியில் கிடக்கும்.

ஊர்வன இல்லத்தில் முதலில் விளக்குக்கு அடியில் பாருங்கள். அவற்றுக்கு உடற்சூடு வெளியிலிருந்து வர வேண்டும். உடும்பும் ஓணானும் சூடேற்றும் விளக்கின் கீழே இருக்கும். பாம்பு பெரும்பாலும் மறைவிடத்துக்குள் பாதியும் வெளியே பாதியுமாக. கண்ணாடியைத் தட்டினால் எழுந்துவராது, இன்னும் உள்ளே போகும். முதலை வாயைப் பிளந்தபடி கிடந்தால் பாயத் தயாராகிறது என்று பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். பெரும்பாலும் அது சூட்டைச் சமன்செய்யும் வேலை.

நிதானன்:
தீவனக்கட்டு சொன்னதே என் வாதத்துக்கு ஆதாரம். நாலு இடம் துழாவி, மூன்று மேடை ஏறி இறங்க 3 நிமிடம் போதுமா?

தீவனக்கட்டு:
போதாது. ஆனால் 20-ம் வேண்டாம். 8 நிமிடம்.

இருவருமே தீவன நேரப் பலகையை நம்பித் திட்டம் போடவில்லை, நல்லது. சீல், பெங்குவின் போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் பார்வையாளர் முன்னிலையில் ஊட்டுவார்கள். பல பூங்காக்களில் பெரிய ஊனுண்ணிகளுக்கு வாரத்தில் ஒருநாள் இறைச்சி கிடையாது. காட்டில் நாள்தோறும் இரை அகப்படுவதில்லை என்பதால் குடலுக்கு அதுவே இயல்பு. பலகையில் நேரம் போட்டிருந்தால் 15 நிமிடம் முன்னால் போய் முன்வரிசை பிடியுங்கள். மூன்றாம் வரிசையில் குழந்தைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு மட்டுமே.

தீவன நேரம் நெருங்கும்போது புலி ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கும். பிள்ளைகள் "ஏன் இப்படி நடக்குது" என்பார்கள். "வாக்கிங் போகுது" என்று மழுப்பாதீர்கள். சாப்பாட்டை எதிர்பார்த்து நடப்பதாக இருக்கலாம். நாள் முழுக்க அதே தடம் என்றால் அது அடைபட்ட வாழ்வின் அறிகுறி. காட்டில் பரந்த எல்லையில் அலையும் ஊனுண்ணிகளிடம் இது கூடுதல் என்று 2003-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு காட்டியது. 7 வயதுக்கு இது புரியும்.

தள்ளுவண்டி:
விலங்கைப் பற்றியே பேசுகிறீர்கள், குடும்பத்தைப் பற்றி யார் பேசுவது? 3 வயதுக் குழந்தை தன் காலில் ஒரு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. தள்ளுவண்டி எடுத்துப் போனால் அதிலிருந்து பார்க்கும் குழந்தைக்குக் கைப்பிடிச் சுவர்தான் தெரியும். ஒவ்வொரு அடைப்பிலும் இறக்கி ஏற்ற வேண்டும். அறுபது முறை இறக்கி ஏற்றுகிற கையைக் கொஞ்சம் நினையுங்கள் அகழிக்கரை சார். வண்டி ஓய்வுக்கு, குழந்தையை முதுகில் சுமக்கும் பை பார்வைக்கு. இரண்டும் வேண்டும்.

அலுப்பில் குழந்தையைத் தடுப்புக் கம்பிமேல் உட்கார வைக்கிறார்கள். ஒருபோதும் கூடாது. 2016 மே 28-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்காவில் 3 வயதுச் சிறுவன் தடுப்பைத் தாண்டி அகழிக்குள் விழுந்தான். அவனைக் காப்பாற்ற ஹராம்பே என்ற 17 வயது கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். தடுப்பு பெரியவர்களை மனதில் வைத்து நிற்பது. குழந்தைக்குப் பெரியவர் கைதான் தடுப்பு. ஒரு குழந்தைக்கு ஒருவர் என்று காலையிலேயே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். "ரெண்டு பேரும் பாத்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அன்றைய உடையோடு வாசலில் பிள்ளைகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், செல்பேசி எண்ணைக் கையில் பேனாவால் எழுதுங்கள்.

அகழிக்கரை:
ஏற்கிறேன். அலுக்காமல் இருக்கத்தான் நடுவில் ஆடு, முயல் தொடும் பகுதியை வைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் அரைமணி விட்டால் பிள்ளைகள் தெளிந்துவிடுவார்கள்.

தள்ளுவண்டி:
சாப்பாட்டுக்கு முன்னாலா? வேண்டவே வேண்டாம். ஆடு, மாட்டின் சாணத்தில் ஈ. கோலை கிருமியின் கொடிய வகை இருக்கலாம், விலங்குக்கு நோயே தெரியாது. 5 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது சிறுநீரகம் வரை போகலாம். ஆமை, பாம்பைத் தொட்டால் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி ஒட்டலாம். அந்த வயதில் ஊர்வனவற்றைத் தொடவே விடக்கூடாது. பால்புட்டி, சூப்பான், தின்பண்டம் எதுவும் தொடும் பகுதிக்குள் போகக்கூடாது. வெளியே வந்ததும் சோப்பும் ஓடும் தண்ணீரும், குறைந்தது 20 விநாடி. சானிடைசர் அழுக்குப் படிந்த கையில் சரியாக வேலை செய்யாது. வெளியே கழுவுதொட்டி இல்லையென்றால் அந்தப் பகுதியே வேண்டாம். இருந்தால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள்.

தீவனக்கட்டு:
இதன் மறுபக்கமும் உண்டு. நம் சளி குரங்குக்குத் தொற்றும். மனிதக் குரங்குகளுக்குச் சாதாரணக் காய்ச்சலே நிமோனியாவாக முற்றலாம். பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் அந்தப் பகுதியைத் தவிருங்கள். மானுக்கு ரொட்டி போடாதீர்கள்: மாவுப்பொருள் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலம் கூடிவிடும், உயிரே போகலாம். கொரில்லாவின் கண்ணை உற்றுப் பார்த்துப் பல்லைக் காட்டுவது அதற்குச் சண்டைக்கு அழைப்பு. பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

வழித்துணை:
பாட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

நிதானன்:
பாட்டிக்காகத்தான் ஆறு இடம் என்றேன். குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கலாம். காலை முதல் ஒன்றரை மணி எல்லோரும் சேர்ந்து. பிறகு பாட்டியும் சின்னவளும் ஒரு பெரியவரும் பேட்டரி வண்டியில் யானைப் பக்கம் போய் நிழலில் உட்காரட்டும்; 7 வயதுக்காரன் இன்னொருவரோடு அகழிக்கரை சாரின் முழுச் சுற்றைப் போகட்டும். சாப்பாட்டு இடத்தில் சந்தித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முதல்நாளே கேட்டு வையுங்கள். கொடுக்கும் இடங்களிலும் எண்ணிக்கை குறைவு, விடுமுறை நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அகழிக்கரை:
முழுச் சுற்றைப் பையனுக்காவது விட்டுக்கொடுத்தீர்களே. மழை வந்தால் என்ன செய்வீர்கள்? ஆறு இடத்தில் அஞ்சு திறந்தவெளி.

நிதானன்:
தூறல் என்றால் கொண்டாட்டம். கூட்டம் பாதியாகும், குளிர்ச்சியில் புலி எழுந்து நடக்கும், யானை சேற்றில் இறங்கும். மீர்கட் என்ற கீரியினம் மட்டும் வளைக்குள் போய்விடும், அது வெயில் காயும் சாதி. இடி மின்னலோடு வந்தால் மீன் காட்சியகத்துக்குள் போங்கள், அப்போது அங்கே நெரிசலும் இருக்கும். குடைக்குப் பதில் மழைக்கோட்டு. குடை பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். பறவைகள் பறக்கும் நடைக்கூண்டுக்குள் திடீரென விரித்தால் அவை வெருண்டு வலையில் மோதும். அந்தக் கூண்டுக்கு இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவு சாத்தியதை உறுதி செய்த பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும் என்று பையனிடம் முன்பே சொல்லிவையுங்கள்.