ஃபோர்க், எக்ஸெக் செய்த சைல்டு சிக்டெர்முக்கு அசைய மாட்டேன் என்கிறது

கேள்வி
லினக்ஸ், சி மொழி. பேரண்ட் புரோகிராம் தொடக்கத்திலேயே சிக்இன்ட் (SIGINT, கன்ட்ரோல்-சி அனுப்புவது), சிக்டெர்ம் (SIGTERM, கில் கட்டளை அனுப்புவது), சிக்சைல்டு (SIGCHLD, சைல்டு முடிந்தால் வருவது) என்ற மூன்று சிக்னல்களையும் சிக்புரோக்மாஸ்க்கில் பிளாக் செய்துவிட்டு சிக்னல்எஃப்டி (சிக்னல்களைக் கோப்பு போலப் படிக்கும் வசதி) வழியாகப் படிக்கிறது. அதில் சிக்கல் இல்லை. ஆனால் அது ஃபோர்க் செய்து (தன் நகலாகச் சைல்டு புரோசஸை உருவாக்கி) எக்ஸெக்கில் (அந்தச் சைல்டில் வேறு புரோகிராமை ஏற்றி) ஓட்டும் 'ஸ்லீப் 1000' கன்ட்ரோல்-சி அடித்தாலும் நிற்பதில்லை, கில் கொடுத்தாலும் நிற்பதில்லை. கில் -9 போட்டால்தான் போகிறது. எக்ஸெக் ஆனதும் சிக்னல் அமைப்புகள் எல்லாம் புதிதாகிவிடாதா?

பதில் 1
ஆகாது. எக்ஸெக்கில் ஹேண்ட்லர்கள் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்கள்) மட்டும்தான் டிஃபால்ட்டுக்குத் திரும்பும். பிளாக் மாஸ்க் (தடுத்த சிக்னல்களின் பட்டியல்), பெண்டிங் சிக்னல்கள் (வந்து காத்திருப்பவை), இக்னோர் என்று வைத்தவை மூன்றும் அப்படியே கூட வரும். ஸ்லீப் தன் மாஸ்க்கைத் தொடுவதே இல்லை, அதனால் நீங்கள் போட்ட பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. -9 மட்டும் வேலை செய்யக் காரணம், சிக்கில்லையும் (SIGKILL, அதுதான் -9) சிக்ஸ்டாப்பையும் (SIGSTOP) யாராலும் பிளாக் செய்ய முடியாது. மாஸ்க்கில் சேர்த்தாலும் கெர்னல் பிழை சொல்லாமல் விட்டுவிடும்.

கில் கொடுத்த பிறகு அந்தச் சைல்டின் பிஐடிக்கு (புரோசஸ் எண்) புரோக் (/proc) அடைவில் உள்ள ஸ்டேட்டஸ் கோப்பைப் பாருங்கள். சிக்பிளாக் (SigBlk, பிளாக் மாஸ்க்) வரியில் 0000000000014002 இருக்க வேண்டும். ஹெக்ஸ் எண் அது: 2ஆம் சிக்னலுக்கு 2, 15க்கு 4000, 17க்கு 10000.

கேள்வி கேட்டவர்
அதே எண்தான் வருகிறது. பகிர்ந்த பெண்டிங் (ShdPnd) வரியில் 4000. அப்படியென்றால் சைல்டில் மூன்றையும் சிக்_அன்பிளாக் செய்தால் போதுமா?

பதில் 1
இப்போதைக்கு ஓடும், ஆனால் அது சரியான வழி இல்லை. உங்கள் புரோகிராமைத் தொடங்கியவரே அவற்றில் ஒன்றை வேண்டுமென்று பிளாக் செய்திருக்கலாம். அதையும் சேர்த்துத் திறந்துவிடுவீர்கள். முதலில் பிளாக் செய்யும்போதே மூன்றாவது ஆர்க்யுமென்ட்டில் பழைய மாஸ்க்கை வாங்கி வையுங்கள். ஃபோர்க்குக்குப் பின், எக்ஸெக்குக்கு முன், சைல்டில் சிக்_செட்மாஸ்க் கொடுத்து அதையே திரும்பப் போடுங்கள்.

பதில் 2
வரிசையும் முக்கியம். பேரண்டில் ஏதாவது ஹேண்ட்லர் இருந்தால் சைல்டில் முதலில் அதை சிக்_டிஎஃப்எல் (டிஃபால்ட்) ஆக்குங்கள், பிறகுதான் மாஸ்க்கைத் திறக்க வேண்டும். மாற்றிச் செய்தால், ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் இடையே வந்த சிக்டெர்ம், பேரண்டின் ஹேண்ட்லரைச் சைல்டுக்குள் ஓட்டும். அந்த ஹேண்ட்லர் பிஐடி கோப்பை அழிப்பதாக இருந்தால், பேரண்ட் உயிரோடு இருக்கும்போதே கோப்பு போய்விடும். எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும், அதனால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இன்னொன்று: சிக்சைல்டு வரிசையில் நிற்காது. பிளாக்கில் இருக்கும்போது 5 சைல்டுகள் முடிந்தாலும் ஒரே ஒரு பெண்டிங்தான் பதிவாகும். சிக்னல்எஃப்டியில் ஒரு முறை படித்து ஒரு வெயிட்பிட் (waitpid, முடிந்த சைல்டின் முடிவை வாங்கும் கால்) போட்டால் மீதி 4 ஸாம்பிகளாக (முடிந்தும் பட்டியலிலிருந்து நீங்காதவை) நிற்கும். வெயிட்பிட்டுக்கு டபிள்யூநோஹேங் (WNOHANG, காத்திருக்காதே என்பது) கொடுத்து, 0 அல்லது -1 வரும்வரை சுழற்றுங்கள். புரோகிராமில் த்ரெட் இருந்தால் சிக்புரோக்மாஸ்க்குக்குப் பதில் பிதிரெட்_சிக்மாஸ்க். அதுவும் முதல் த்ரெட்டை உருவாக்கும் முன்பே.

கேள்வி கேட்டவர்
பழைய மாஸ்க்கைத் திரும்பப் போட்டதும் சிக்பிளாக் வரி முழுக்கப் பூஜ்யம். கில் கொடுத்த உடனே ஸ்லீப் நிற்கிறது. வெயிட்பிட்டையும் லூப்பில் போட்டுவிட்டேன். இருவருக்கும் மிக்க நன்றி.