பழைய டைவிங் ரெகுலேட்டரில் மூச்சிழுத்த நாளிலிருந்து இருமல், காய்ச்சல்: உதவுங்கள்

கேள்வி:
ஊர் மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சீசனுக்குத் திருகோணமலைக் கடற்கரையில், நிலாவெளியில் சுழியோடிகளின் படகில் வேலை. செப்டம்பர் கடைசியில் அவசரமாக வீடு திரும்பும்போது ரெகுலேட்டரையும் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) பி.சி.டி. ஜாக்கெட்டையும் (காற்றடைத்து மிதக்கப் போடுவது) சரியாகக் காயவிடாமல் உரப்பையில் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். லயத்து அறை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), சுவரெல்லாம் ஈரலிப்பு. மே மாதம் திரும்பப் போக வேண்டுமே என்று போன ஞாயிறு வெளியே எடுத்து, வாயில் வைத்து நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தேன். நனைந்த சாக்கு வாடை. அன்று இரவே குளிர்காய்ச்சல், நெஞ்சிறுக்கம், வறட்டு இருமல். இரண்டு நாளில் தணிந்தது. புதன்கிழமை தண்ணீரில் கழுவிவிட்டு மறுபடி இழுத்தேன். இரவு அதே கதை. பனிக் குளிர்தான் காரணமா? டெட்டோலில் ஊறவைத்தால் போதுமா?

பதில்:
தம்பி, முதலில் அதை வாயில் வைப்பதை நிறுத்துங்கள். பூஞ்சணம் பிடித்திருக்கிறது. அறைத் தூசியை மூக்கு கொஞ்சமாவது வடிகட்டும். இது வாய் வழியாக நேரே நுரையீரலுக்குப் போகிறது. இழுத்து 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வருவது, விலகியிருந்தால் தணிவது, தொட்டால் திரும்புவது எல்லாம் பூஞ்சண வித்துகளை நுரையீரல் ஒத்துக்கொள்ளாதபோது நடப்பவை. பூத்துப்போன வைக்கோலோடு வேலை செய்யும் விவசாயிகளுக்கும் இப்படி வரும். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் 'காய்ச்சல், இருமல்' என்று மட்டும் சொல்லாதீர்கள். ரெகுலேட்டர் விஷயத்தையும் சொல்லுங்கள்.

இருமலோடு கடலில் இறங்கவே வேண்டாம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல இரு மடங்கு. சளி அடைத்த இடத்தில் சிக்கிய காற்று, மேலே வர வர விரியும். வெளியேற வழியில்லையென்றால் நுரையீரல் கிழிந்துவிடும்.

இன்னொரு பதில்:
டெட்டோல் வேண்டாம். ரப்பரில் ஊறிய மருந்தை அப்புறம் நீங்கள்தான் சுவாசிப்பீர்கள். பல்லால் கடிக்கும் ரப்பரை மாற்றிவிடுங்கள், மற்றதைச் சர்வீஸ் செய்பவரிடம் கழற்றிக் கழுவக் கொடுங்கள். ரெகுலேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு (டயாபிரம்) மடிந்திருந்தால் உப்புத்தண்ணீர் தூறலாக உள்ளே வரும், அதுவும் இருமல் தரும். ஜாக்கெட்டின் உட்பையிலும் கிருமி வளரும். நம் பக்கம் ஈரத்துணியை அடுப்புக்கு மேல் தொங்கவிடுகிற மாதிரி இதைத் தொங்கவிடாதீர்கள். சூடு ரப்பரைக் கெடுக்கும், புகை உள்ளே ஏறும். கடற்கரையிலேயே ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பொருத்தும் முனைக்கு மூடியைப் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுதாகக் காயவைத்து மலைக்குக் கொண்டு வாருங்கள்.

கேட்டவர்:
இன்று ஆஸ்பத்திரி போனேன், எக்ஸ்ரேக்கு எழுதித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்த ரப்பரைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டியை வெட்டினேன். வெளியே சுத்தம். உள்ளே மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள், நடுவில் வெள்ளை உப்பு. டாக்டரிடம் காட்ட அதைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டைக் கவிழ்த்தேன், அரை டம்ளர் தண்ணீர் வந்தது, ஏழு மாதத்துத் தண்ணீர்.