கேடட் ப்ராஜெக்ட்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்க

பவானிக்கரை:
இழையைத் தொடங்கியவன் நான்தான், அதனால் முதலில் என்னுடையது.

பிளஸ் டூ முடித்து டெக்னிக்கல் என்ட்ரியில் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குக் கேடட்டாகப் போனவன். கயாவில் ஒரு வருடம் பயிற்சி, அப்புறம் ராணுவப் பொறியியல் கல்லூரி. கடைசி வருட ப்ராஜெக்ட்டில் நான்கு பேர். உங்களில் பலர் பார்த்த அதே மாதிரி தலைப்புதான்: 16,000 அடியில் இருக்கும் போஸ்ட்டுக்கு ரேஷன் கொண்டுபோகக் கோவேறு கழுதையா, போர்ட்டரா, ட்ரோனா? ஏழு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் வெயிட்டேஜ், மதிப்பெண், கடைசியில் கூட்டல். ட்ரோன் ஜெயித்தது. ஜெயிக்கும் என்று முதல் நாளே தெரியும், அதற்குத்தானே அந்தத் தலைப்பை எடுத்தோம்.

பேனலில் இரண்டு கேள்விதான். ஒன்று பேட்டரி விலை, இன்னொன்று ஸ்லைடில் எழுத்து ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று. முதல் இடம் கொடுத்தார்கள்.

மறுநாள் ஸ்டால் போட்டிருந்தோம். ரைடிங் லைன்ஸில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹவில்தார் ஒருவர் வந்தார். அந்தியூர்க்காரர். அதற்கு முன் பல வருடம் மலையில் கோவேறு கழுதைகளோடு இருந்தவர். கழுதை எத்தனை கிலோ தூக்கும் என்று அவரிடம்தான் கேட்டு எழுதியிருந்தோம். அதோடு சரி, வேறு எதுவும் கேட்கவில்லை. ஆட்கள் இருந்தால் எங்களை ‘சார்’ என்பார், யாரும் இல்லை என்றால் ‘தம்பி’. அட்டவணையில் ட்ரோனுக்கு நேரே இருந்த 20 கிலோவின் மேல் விரலை வைத்தார்.

“இது கீழ தூக்கறதுங்களா, மேல தூக்கறதுங்களா?”

கம்பெனி ப்ரோஷரில் இருந்தது என்றேன். சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை.

“மேல போனா நமக்கே மூச்சு வாங்குது, கழுதைக்கும் வாங்குது. காத்தே பத்தாத எடத்துல இது எதைப் புடிச்சுத் தம்பி ஏறும்?”

அன்றிரவு கணக்குப் போட்டேன். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். எங்கள் ட்ரோனின் சொந்த எடை 40 கிலோ, சுமை 20, ஆக 60. அதில் 60 சதவீதம் 36. சுமையே இல்லாமல் வைத்தாலும் தரையை விட்டு எழும்பாது. நான்கு பேரும் அந்தக் காகிதத்தைப் பார்த்தோம். ஒருவன் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. ரிப்போர்ட் இன்னும் நூலகத்தில் 20 கிலோவோடுதான் இருக்கும்.

கணபதி பட்டறை:
நான் படித்தவன் இல்லைங்க, லேத் வைத்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு பையன் எங்கள் பட்டறைக்கும் வந்தான்.

லீவில் வந்திருந்தான். முடியை ஒட்ட வெட்டி, குதிகாலைச் சேர்த்து நின்றுகொண்டு, என் பட்டறையில் யாரும் என்னைக் கூப்பிடாத மாதிரி ‘சார்’ என்றான். கையில் டிராயிங். அலுமினியத் தட்டு, 150 மில்லி நீளம், நான்கு துளை. எல்லா அளவுக்கும் பிளஸ் ஆர் மைனஸ் 5 மைக்ரான். தலைமுடியே 70 மைக்ரான் வரும்! “எதுக்கு கண்ணு இவ்வளவு?” என்றேன். “ஸ்பெக்கில் அப்படித்தான் இருக்கு சார்.” ஸ்பெக் யார் போட்டது? “போன பேட்ச் சார்.”

150 மில்லி அலுமினியம் இரண்டு டிகிரி சூடேறினாலே 7 மைக்ரான் நீண்டுவிடும். கார் சீட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவதற்குள் அந்த அளவு போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, வெளியே கிரைண்டிங்குக்குக் கொடுத்து வாங்கி 4,800 ரூபாய் பில் போட்டேன். நானே செய்து 600 ரூபாய்க்குக் கொடுத்திருக்கக்கூடிய வேலை. தட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் சொன்னான், அதன் மேல் பேட்டரியை வைத்து வெல்க்ரோ பட்டையால் கட்டுவார்களாம்.

பணத்தை நூறும் ஐம்பதுமாக எண்ணி வைத்தான். அதுதான் மனதில் நிற்கிறது.

தாராபுரத்தான்:
பவானிக்கரை தம்பி, உங்கள் கணக்கில் பாதி தப்பு. ரோட்டர் அதே வேகத்தில் சுற்றினால்தான் 36. வேகத்தைக் கூட்டலாம், பிளேடைப் பெரிதாக்கலாம். அதே எடையை அந்தரத்தில் நிறுத்த ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும், அவ்வளவுதான். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரோன் பறக்கும். ப்ரோஷர் சொன்ன தூரமும் சுமையும்தான் கிடைக்காது. அட்டவணை போட்டதைக் குறை சொல்லாதீர்கள், உள்ளே போட்ட எண்தான் கோளாறு.

என் அனுபவம் சின்னதுதான். அமெரிக்காவில் வேலை. வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி கேடட்கள் சிலர் கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்காக எங்கள் அலுவலகம் வந்தார்கள், நாங்கள்தான் கிளையன்ட். முதல் சந்திப்பில் ஒரு பெண் லேப்டாப்பை மூடிவிட்டுக் கேட்டாள்: “நாங்கள் இதைச் செய்து கொடுத்தால் உங்களில் யாருக்கு வேலை கூடும்?” ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இனி ப்ராஜெக்ட் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அங்கே சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் துறையில் நான்கு கட்டமாகச் சொல்லித்தருகிறார்கள்: பிரச்சினையை வரையறுப்பது, தீர்வுகளை வடிவமைப்பது, முடிவெடுப்பது, நடைமுறைப்படுத்துவது. நம் பையன்கள் நேராக மூன்றாவதில் குதிக்கிறார்கள். முதல் கட்டத்தில் சம்பந்தப்பட்ட அத்தனை பேரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். அந்த ஹவில்தார் ஸ்டாலுக்கு வந்திருக்கவே கூடாது, முதல் வாரமே உங்கள் மேஜையில் இருந்திருக்க வேண்டும். அப்புறம் வெயிட்டேஜ். ‘விலை முக்கியம்’ என்று 30 போட்டுவிடுவார்கள். தோட்டத்துக்கு மோட்டார் வாங்கப் போகிறீர்கள், பார்த்த மூன்றும் 18,000க்கும் 18,500க்கும் நடுவில்தான் என்றால் விலைக்கு எதற்கு 30? முக்கியம்தான், ஆனால் அங்கே வித்தியாசமே இல்லையே. ஒன்று 200 அடியிலிருந்து நீர் தூக்கும், இன்னொன்று 600 அடியிலிருந்து தூக்கும் என்றால் வெயிட்டேஜ் அங்கே போக வேண்டும். மிக மோசமான நிலையிலிருந்து மிக நல்ல நிலைக்கு எவ்வளவு தூரம், அந்தத் தூரம் நமக்கு எவ்வளவு பெறும், இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் எண் போட வேண்டும். கடைசியாக, எண்ணை ஆட்டிப் பாருங்கள். 20 கிலோவை 12 ஆக்கினால் ஜெயிப்பது மாறுகிறதா? மாறினால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போங்கள்.

கணபதி அண்ணா, நீங்கள் 600 ரூபாய்க்கே செய்து கொடுத்திருக்கலாம்.

கணபதி பட்டறை:
அதைத்தானுங்க நானும் சொன்னேன்.

கோபி அக்கா:
எனக்கு இந்த வெயிட்டேஜ் எல்லாம் புரியாது. என் மகன் கடக்வாஸ்லா என்.டி.ஏ.வில் மூன்று வருடம் பி.டெக். படித்துவிட்டு நான்காம் வருடத்துக்கு துண்டிக்கல் விமானப்படை அகாடமிக்குப் போனான். ப்ராஜெக்ட் என்னவென்று கேட்டால் “ஏரோபிளேன் இறங்கி மறுபடி கிளம்ப எவ்வளவு நேரம் ஆகுது, எங்க நிக்குதுன்னு பாக்கறோம்மா” என்பான். அவ்வளவுதான் தெரியும்.

அந்த வருடம் என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு லீவில் வந்தான். மண்டபத்தில் எல்லாரும் மேடையில் சீர் பார்த்துக்கொண்டிருக்க, இவன் பந்தி வாசலில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதுகிறான். இலை போட, பரிமாற, சாப்பிட, எடுக்க என்று தனித்தனியாக. சமையலாள் போதாது என்று எல்லாரும் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தோம். இவன் போய், “சமையல்ல ஒண்ணும் தாமதம் இல்லீங்க, எச்சில் இலை எடுக்க ரெண்டே பேர்தான், அங்கதான் பந்தி நிக்குது” என்று சொல்லியிருக்கிறான். அதையே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காகிதத்தைக் காட்டியும் விளக்கியிருக்கிறான். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

எங்கள் மாமியார் வந்து அவன் கையைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். “சாப்பிடறவங்களுக்கு மணி பாக்காதடா சாமி.” நான் வேறு அத்தனை பேர் முன்னால் திட்டிவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் போனான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சட்டையைச் சுருட்டிவிட்டு இலை எடுத்துக்கொண்டிருக்கிறான். அதற்கப்புறம் பந்தி வேகமாகத்தான் நகர்ந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

உக்கடம் ரேடியோ:
நம் பையன்கள் கழுதை, இலை என்று இருக்கிறார்கள். அமெரிக்க விமானப்படை அகாடமி கேடட்கள் சாட்டிலைட்டே கட்டுகிறார்கள். ஃபால்கன்சாட்-3 என்று ஒன்று. 2007இல் ஏவி, பத்து வருடம் பரிசோதனைக்குப் பயன்படுத்திவிட்டு 2017இல் எங்களைப் போன்ற ஹாம்களுக்கு, அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்கு, திறந்துவிட்டார்கள். மொட்டை மாடியில் கையில் யாகி ஆன்டெனாவோடு நின்றிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வரும் நேரம், 435.103 மெகாஹெர்ட்ஸில் ‘உஷ்’ஷென்று ஒரு இரைச்சல். மனுஷக் குரல் இல்லை, டேட்டாதான். இருபது வயதுப் பிள்ளைகள் வயரைச் சால்டர் வைத்திருப்பார்கள், இந்நேரம் அவர்கள் மேஜர்களாகியிருப்பார்கள், அது மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தேன். கீழே மனைவி குக்கர் விசில் எண்ணச் சொன்னது மறந்தே போச்சு. 2023 ஜனவரியில் அது வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துவிட்டது.

தாராபுரத்தான்:
அதற்கு முந்தையது என்னாச்சு என்றும் சொல்லுங்கள். ஃபால்கன்சாட்-2. 2006 மார்ச் 24, குவாஜலின் தீவுக்கூட்டத்தில் ஸ்பேஸ்எக்ஸின் முதல் ஃபால்கன்-1 ராக்கெட்டில் ஏற்றினார்கள். அரை நிமிடத்தில் இன்ஜினில் தீப்பிடித்து விழுந்தது. கேடட்கள் கட்டிய சாட்டிலைட், ராக்கெட் கிளம்பிய அதே தீவில் ஒரு ஷெட்டின் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்து கிடந்தது. அவர்கள் சமாச்சாரமும் எப்போதும் ஜெயிப்பதில்லை.

உக்கடம் ரேடியோ:
விழுந்ததைப் பற்றியா பேச்சு? வெளியே கொண்டுபோய் வைத்தார்கள், அதனால்தான் விழுந்தது. நூலகத்தில் இருக்கும் 20 கிலோ எங்கே விழும்?

கோபி அக்கா:
சண்டை வேண்டாங்க. பவானிக்கரை தம்பி, அந்த ஹவில்தாரை அப்புறம் பார்த்தீர்களா? அந்தியூர் என்றால் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், விசாரிக்கலாம்.

பவானிக்கரை:
பார்க்கவில்லை அக்கா. குருநாதசாமி கோயில் தேருக்குக் குதிரைச் சந்தை பார்க்கப் போகணும், ஆடி மாதம் லீவு கிடைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வருடம் நான் சந்தைக்குப் போனேன். குதிரை வைத்திருந்தவர்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று சுற்றினேன். பெயர் கேட்டு விசாரிக்கலாம் என்றால், ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தில் பதினொரு பெயர் போட்டோம், அதில் அவருடையது இல்லை.