ஆறு பெருகினால் கதவு திறந்ததெண்டு சொல்லேலாதா?

கிளிநொச்சியில ஏ.எல். அளவையியல் (தர்க்கம்) படிக்கிறன். "இரணைமடுக் குளத்து வான்கதவைத் திறந்தால் கனகராயன் ஆறு பெருகும்" எண்டு தந்தவை. ஆறு பெருகினபடியால் கதவு திறந்திருக்கெண்டு எழுதினன். பிழையாம். ஏன்?

பதில்: தம்பி, நான் குளத்துக்குக் கீழ வயல் செய்யிறனான். ஒருக்கா கதவெல்லாம் பூட்டு, அடைமழைக்கே ஆறு வரம்பை மேவி என்ர நாத்தையும் கொண்டு போட்டுது. பிறகெப்பிடி?

கேட்டவர்: அப்ப "திறக்காட்டி பெருகாது"?

பதில்: அதுவும் அந்த மழையோடயே போச்சு. ரெண்டும் ஒரே கதைதான்.

இன்னொருவர்: முன்னெடை ("கதவைத் திறந்தால்" எண்ட பகுதி), பின்னெடை ("ஆறு பெருகும்" எண்ட பகுதி) ரெண்டையும் மறுத்து இடம் மாத்தும்: "ஆறு பெருகேல்லை, அப்ப கதவு திறக்கேல்லை." இது மட்டும் மூலக்கூற்றுக்குச் சமன். கூற்று பொய்யாகிறது கதவு திறந்தும் ஆறு பெருகாத அண்டைக்கு மட்டுந்தான்.