எடை சார்ட்டுக்குள், காற்று வரம்புக்குள்: ஆனாலும் தூக்க மறுத்தது தவறா?

கேள்வி: புதுஆபரேட்டர்_சிறுசேரி

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகள் ரிக்கராக (சுமையைக் கொக்கியில் கட்டி அனுப்புபவராக) வேலை செய்துவிட்டு, பயிற்சி முடித்து, கடந்த ஐந்து மாதங்களாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் எழுந்துவரும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் டவர் கிரேன் ஆபரேட்டராக இருக்கிறேன். கேபின் இப்போது தரையிலிருந்து ஏறத்தாழ 95 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

சென்ற வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, 22-ஆவது மாடியின் ஷியர் வாலுக்கான (கான்கிரீட் சுவருக்கான) ஷட்டர் பலகை, அதாவது கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகை ஒன்றை ஏற்றச் சொன்னார்கள். அது 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்டது. எடை ஒரு டன்னுக்குப் பக்கத்தில் இருக்கும். இறக்க வேண்டிய இடம் 40 மீட்டர் ஆரத்தில், அதாவது கிரேனின் நடுவிலிருந்து அவ்வளவு தொலைவில் இருந்தது. அந்த ஆரத்தில் எங்கள் கிரேனின் லோட் சார்ட் (எந்தத் தொலைவில் எவ்வளவு எடை தூக்கலாம் என்ற அட்டவணை) இரண்டு டன்னுக்கு மேல் அனுமதிக்கிறது. காற்றுமானி மணிக்கு 40 கிலோமீட்டர் காட்டியது. இடையிடையே 50-ஐயும் தொட்டது. பலகையைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் தூக்கியதுமே அது காற்றில் திரும்பத் தொடங்கி, சுமை சுழலாமல் இருக்கக் கீழிருந்து பிடிக்கும் வழிக்கயிற்றைப் பிடித்திருந்த இருவரையும் நான்கைந்து அடி இழுத்துச் சென்றது. நான் அப்படியே கீழே இறக்கி வைத்துவிட்டு, இந்தக் காற்றில் இதை ஏற்ற முடியாது என்று வாக்கி-டாக்கியில் சொன்னேன்.

ஃபோர்மேன் கோபப்பட்டார். எடை சார்ட்டுக்குள் இருக்கிறது, கையேட்டில் காற்று வரம்பு 72 என்று போட்டிருக்கிறது, உனக்கு முன்பு இருந்தவர் இதே காற்றில் ஏற்றியிருக்கிறார், பயமாக இருந்தால் இறங்கி வா என்று எல்லோரும் கேட்கும் சேனலிலேயே சொன்னார். கான்கிரீட் ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் கூட்டத்தில் அந்தத் தாமதம் என் பெயரில் எழுதப்பட்டது. அடுத்த முறை கேபினில் வேறு ஆள் இருப்பார் என்றும் மேலாளர் சொல்லிவிட்டார்.

என் கை சொன்னதை நான் நம்பினேன். ஆனால் 72 என்ற எண்ணுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் செய்தது தவறா? தவறில்லை என்றால் அதை அவர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: சைட்_இன்ஜினியர்_கோவை

நண்பரே, நீங்கள் செய்தது சரி. அதைக் கணக்காகவே காட்டலாம்.

கையேட்டில் உள்ள 72 கிலோமீட்டர் என்பது, அதாவது நொடிக்கு 20 மீட்டர் என்பது, கிரேன் வேலையில் இருக்கும்போது அதன் கட்டமைப்பு தாங்க வேண்டிய காற்று. அந்த வரம்பை வகுக்கும்போது, கொக்கியில் தொங்கும் சுமை ஓரளவுக்குக் கச்சிதமானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். டன்னுக்கு ஒரு சதுர மீட்டர் அளவிலான பரப்புதான் வழக்கமான கணக்கு. கம்பிக் கட்டோ செங்கல் பேலட்டோ என்றால் அது பெரும்பாலும் பொருந்தும். உங்கள் பலகையின் பரப்பு 18 சதுர மீட்டர்; எடையோ ஒரு டன்தான். கிரேன் தயாரிப்பாளர் மனத்தில் வைத்திருந்த சுமையைப் போலப் பதினெட்டு மடங்கு காற்றை அது வாங்கும். இப்படிப்பட்ட சுமைக்கு வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகளிலேயே எழுதியிருக்கும். உங்கள் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஒளிநகல் எடுத்துக் கேபினில் ஒட்டி வையுங்கள்.

மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரை ஏழரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான விசையுடன் தள்ளும். 18 சதுர மீட்டருக்கு அது சுமார் 140 கிலோ. பலகையின் வடிவத்தால் கூடும் இழுவையை நான் இதில் சேர்க்கவே இல்லை. ஒரு டன் எடையை 140 கிலோ பக்கவாட்டில் தள்ளினால், 40 மீட்டர் கயிற்றின் நுனியில் அது ஐந்து மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 50-ஐத் தொடும் அந்த நொடிகளில் விசை 200 கிலோவைத் தாண்டிவிடும். கீழே இருவர் பிடித்திருக்கும் கயிற்றால் இதை அடக்க முடியாது. 22-ஆவது மாடியில் பலகையை வாங்கிக்கொள்ள விளிம்பில் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுங்கள். ஃபோர்மேனிடம் வாக்குவாதம் செய்வதைவிட அது பயன் தரும். அவர் மனிதரைத் திட்டலாம், பெருக்கலைத் திட்ட முடியாது.

பதில் 2: காஞ்சி_கிரேன்

தம்பி, பத்தொன்பது ஆண்டுகளாக நான் இந்த ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறேன். இன்ஜினியர் சொன்ன கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கணக்கு சொல்கிற விஷயத்தை என் கை அறியும். சென்னையில், அதிலும் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் சாலையில், வெயில் காலத்தில் நண்பகலுக்கு முன்னும் பின்னுமாகக் கடற்காற்று உள்ளே நுழையும். தரையில் நிற்பவருக்குச் சட்டை காலர்கூட அசையாது. மேலே ஜிப் (கிரேனின் நீண்ட கை) முனகத் தொடங்கியிருக்கும். ஃபோர்மேன் உங்களைத் திட்டியபோது அவர் நின்ற இடத்தில் காற்றே இருந்திருக்காது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் குரலில் கோபம் வராது.

உங்களுக்கு முன்பு இருந்தவர் ஏற்றினார் என்றால், அவர் ஏற்றிய நாட்களைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். நானும் அப்படி ஏற்றியவன்தான். அதனால்தான் என் கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் இரவு நேரக் கான்கிரீட் வேலையில், கட்டடத்தின் மறுபக்கத்தில் எனக்குக் கண்ணுக்கே தெரியாத இடத்தில் பக்கெட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமான சிக்னல்மேன் சாப்பிடப் போயிருந்தார். பீகாரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் வாக்கி-டாக்கியை வாங்கியிருந்தார். அவர் ‘தீரே, தீரே’ (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று குரல் நின்றது. பேட்டரி போய்விட்டது. நான் இன்னும் கொஞ்சம்தானே என்று இரண்டு நொடி கூடுதலாக இறக்கினேன். பக்கெட் ஓரத்துக் கைப்பிடிக் குழாயில் மோதி, அந்தக் குழாய் அவர் முன்கையில் அடித்து, எலும்பு முறிந்துவிட்டது. அந்த இரண்டு நொடி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அன்று முதல் இரண்டு பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். ஷிஃப்ட் தொடங்கும் முன் சிக்னல்மேனை நேரில் பார்த்து, ‘ஊப்பர்’ (மேலே), ‘நீச்சே’ (கீழே), ‘ருக்கோ’ (நில்) என்று அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவர் வாயிலிருந்தே ஒரு முறை கேட்டுக்கொள்வேன். சுமை நகரும் வரைக்கும் குரல் வந்துகொண்டே இருக்க வேண்டும்; குரல் நின்றால் என் கையும் நிற்கும்.

உடம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றரை மணிக்கு முடிவெடுப்பது உடம்புதான். மூன்று மூன்று மீட்டராக அடுக்கிய மாஸ்ட் (கிரேனின் கோபுரத் தண்டு) துண்டுகளில் முப்பதுக்கு மேல் ஏறி, நான் கேபினில் உட்காரும்போது காலை ஆறே முக்கால் ஆகிவிடும். அதற்குப் பிறகு இறங்குவது மாலையில்தான். சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீரும் கயிற்றில் கட்டிய பையில் மேலே வரும். சிறுநீருக்கு ஒரு கேன் உண்டு. அதைப் பயன்படுத்தக் கூச்சப்பட்டு நான் முதல் நான்கு ஆண்டுகள் தண்ணீரையே குறைத்துக் குடித்தேன். பலன், சிறுநீரகக் கல். மே மாதத்தில் ஏசி நின்றுபோன கண்ணாடிக் கூண்டில், தாகத்தோடு, எட்டு மணி நேரமாகக் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்து விறைத்த கழுத்தோடு இருக்கும் மனிதனுக்கு ‘சரி, தூக்கிவிடலாம்’ என்று சொல்வது சுலபம். முடியாது என்று சொல்லத்தான் தெம்பு வேண்டும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஏசி கெட்டால் அன்றே எழுதிக் கொடுங்கள். அதை வசதிக் குறை என்று எழுதாமல் இயந்திரக் குறை என்றே எழுதுங்கள்.

நாட்குறிப்பேட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தில் நேரம், காற்றின் அளவு, சுமை, இறக்கி வைத்த காரணம் ஆகியவற்றை எழுதினீர்களா? எழுதவில்லை என்றால் இனிமேல் எழுதுங்கள். கூட்டத்தில் தாமதம் உங்கள் பெயரில் ஏறியதற்குக் காரணம், அவர்கள் கையில் தாள் இருந்தது, உங்கள் கையில் இல்லை.

பதில் 3: ரிக்கர்_பெரம்பலூர்

அந்தக் கயிற்றைப் பிடித்து நிற்பவன் நான் என்பதால் எழுதுகிறேன். அண்ணன் தூக்க மறுத்தது எங்களுக்காக. ஆனால் ஒரு குறை உண்டு. பலகை காற்றில் ஏறிய பிறகு மறுக்காமல், ஸ்லிங் (சுமையைக் கொக்கியோடு கட்டும் கயிறு) மாட்டும் முன்பே சொல்லியிருக்கலாம். இறக்கி வைக்கும்போதும் அது எங்கள் பக்கம்தான் சாயும். காற்று 30-ஐத் தாண்டினாலே எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் பலகைகளை ஒதுக்கிவிட்டு அதற்குள் கம்பிக் கட்டுகளைத் தயாராக வைப்போம், வேலையும் நிற்காது. கீழே இருப்பவர்களுக்குக் காற்றுமானி தெரியாது.

பதில் 4: புதுக்கோட்டை_சிங்கை

வணக்கம். நான் சிங்கப்பூரில் வீடமைப்புக் கழகக் கட்டடங்களில் டவர் கிரேன் ஓட்டுகிறேன். இங்கே முன்வார்ப்புச் சுவர்களும், முழுக் குளியலறையாகவே தொழிற்சாலையில் செய்து வரும் பெட்டிகளும்தான் தினமும் தூக்கும் சுமை. ஆகவே காற்று வாங்கும் பரப்பு என்ற பிரச்சினை எனக்கு அன்றாடம்.

இங்கே 2011-ஆம் ஆண்டின் கிரேன் இயக்க விதிகளின்படி ஒவ்வொரு தூக்கலுக்கும் எழுதப்பட்ட திட்டம் இருக்க வேண்டும். தூக்குமேற்பார்வையாளர், ரிக்கர், சிக்னல்மேன் என்று தனித்தனியாக ஆட்களை நியமிக்க வேண்டும். ஆபரேட்டர் மனிதவள அமைச்சிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இதனால் எனக்குக் கிடைத்த பெரிய உதவி என்னவென்றால், முடியாது என்று சொல்லும்போது நான் தனி ஆளாக இல்லை. திட்டத் தாளிலேயே காற்று வரம்பு இருக்கிறது. மேற்பார்வையாளர் கையெழுத்து இருக்கிறது. இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை, கொக்கியை ஏற்றிவிட்டு வேலையை நிறுத்துகிறோம்.

ஆனால் இங்கே எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் தளங்களில் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை கட்டுமான வேலை கூடாது என்பதால், அந்த ஞாயிறையும் சேர்த்து சனிக்கிழமையே முடித்துவிடு என்ற அவசரம் வரும். கடன் வாங்கி வந்தவர்கள், வேலை பெர்மிட் முதலாளி கையில் இருப்பவர்கள், வாய் திறக்கத் தயங்குவார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் தயங்கினேன். தாள் இருந்தாலும் அதைக் காட்டிப் பேசுகிற வாய் நம்முடையதுதானே.

உங்கள் தளத்தில் அப்படி ஒரு தாள் இல்லை என்றால், ஷட்டர் பலகைக்கு மட்டுமாவது ஒன்றை நீங்களே கேளுங்கள். எடை, பரப்பு, ஆரம், காற்று எவ்வளவு வரை என்று நான்கு வரி போதும். கீழே இன்ஜினியர் கையெழுத்து இருக்கட்டும்.

கேட்டவர்: புதுஆபரேட்டர்_சிறுசேரி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திங்கட்கிழமை இன்ஜினியர் ஐயா கொடுத்த கணக்கை எங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டினேன். அவர் கையேட்டில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பரப்பு கூடிய சுமைக்கு வரம்பைக் குறைக்க வேண்டும் என்று அட்டவணையோடு இருக்கிறது. இனி ஷட்டர் பலகைகளைக் காலை பத்து மணிக்குள் ஏற்றிவிடுவது, பிற்பகலில் கம்பியும் பிற சாமான்களும் என்று முடிவாகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் அதே பலகை, அதே இடம். காற்று 12 காட்டியது. வழிக்கயிறு தளர்ந்து தொங்கியபடியே, பலகை மாடியின் ஓரத்தில் போய் நின்றது. ஃபோர்மேன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. தாமதம் பற்றிய குறிப்பை அழிக்கவும் இல்லை.

ரிக்கர் தம்பி சொன்ன குறை உண்மை. இப்போது 30-ஐத் தொட்டதும் சேனலில் அறிவிக்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். ஐப்பசி நெருங்குகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் ஜிப்பைக் கட்டடத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிடலாமா என்று மேலாளர் கேட்கிறார்.

பதில் 5: காஞ்சி_கிரேன்

கட்டவே கூடாது, தம்பி. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, நான் தரையில் ஒரு ஷெட்டுக்குள் நின்று என் கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வடக்கிலிருந்து அடித்தது, ஜிப் தெற்கைப் பார்த்து நின்றது. பிறகு காற்றின் திசை மாற மாற, அதுவும் மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டே வந்தது. பார்த்தவர்கள் கிரேன் கட்டுப்பாடு இழந்துவிட்டது என்று அலறினார்கள். அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. காற்றுத்திசைகாட்டி போலத் திரும்பினால் காற்று அதன் பக்கவாட்டில் முழுவதுமாக மோதாது. கட்டிப்போட்டால் அத்தனை பாரமும் மாஸ்ட்டுக்கும் அடித்தளத்துக்கும் போகும்.

இறங்கும் முன் கொக்கியில் எதுவும் இல்லாமல் மேலே ஏற்றிவிடுங்கள். ஜிப்பின் மேல் கொக்கியை முன்னும் பின்னும் நகர்த்தும் டிராலியைக் கையேடு சொல்லும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜிப் சுழலாமல் பிடித்திருக்கும் ஸ்லூ பிரேக்கை விடுவித்துவிட்டு, அது உண்மையிலேயே விடுபட்டதா என்று ஜிப் தானாக நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகே மின்சாரத்தை அணையுங்கள். தினமும் மாலையில் இறங்கும்போதும் இதையே செய்ய வேண்டும், புயலுக்கு மட்டும் அல்ல. ஜிப் முழு வட்டம் சுற்றுவதற்கு எதுவும் குறுக்கே இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 22 மாடி வரைக்கும் இல்லாத கம்பிகள் 23-ஆவதில் நீட்டிக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று. மாஸ்ட்டில் நிறுவனத்தின் பேனர் ஏதாவது கட்டியிருக்கிறார்களா? இருந்தால் எச்சரிக்கை வரும் வரை காத்திருக்காமல் நாளைக்கே அவிழ்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஷட்டர் பலகைக்கு இன்ஜினியர் போட்ட அதே கணக்கு அதற்கும் உண்டு.