"வெளியே போ" என்றதும் சிரித்த பையன்

கணக்கு டீச்சர்:
ஏழாம் வகுப்பு, நாலாம் பீரியட், பின்னக் கூட்டல். பையன் எந்த வகை என்று விவரிக்க வேண்டியதில்லை, எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான். ஆறு கணக்கைப் பலகையில் எழுதி "ஆரம்பிங்க" என்ற அடுத்த நிமிடம் பென்சில் முன்பெஞ்சுக்குப் பறந்தது. ஒரு எச்சரிக்கை, இரண்டாவது எச்சரிக்கை, "வெளியே போ". கதவருகே போனவன் திரும்பிச் சிரித்தான். தண்டனை வாங்கியவனின் சிரிப்பா அது? அதுதான் உறுத்துகிறது.

அறிவியல் சார்:
கேட்டது கிடைத்துவிட்டது, சிரிக்கிறான். எழுத வேண்டாம் என்றால் பென்சிலை எறிந்தால் போதும் என்று வகுப்பே அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது டீச்சர். நாளைக்கும் எறிவான்.

ஐந்து நாளைக்கு ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. "அடங்கவில்லை" என்று எழுதினால் அந்தத் தாள் வீண். "11.10, பலகையில் ஆறு கணக்கு, பென்சில் எறிந்தான், வெளியே அனுப்பப்பட்டான்" என்று இருக்க வேண்டும். பலரும் சறுக்குவது எங்கே தெரியுமா? ரகளை நடந்த பீரியடை மட்டும் எழுதுவார்கள். அமைதியாக இருந்த பீரியடில் என்ன வேலை கொடுத்தீர்கள் என்பதையும் எழுதினால்தான் வித்தியாசம் தெரியும். வாய்க்கணக்கு என்றால் கை தூக்குகிறான், நோட்டை எடுக்கச் சொன்னால் எறிகிறான் என்று வந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ஆறு கணக்கு வேண்டாம், இரண்டு போதும். முதல் கணக்கின் முதல் வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஓய்வு அட்டை ஒன்றும் கொடுக்கலாம்: பீரியடுக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம், தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். எறிவதற்கு முன் காட்டினால்தான் அட்டை செல்லும். எறிந்த பிறகு கொடுத்தால் எறிந்ததற்குக் கூலி கொடுத்த மாதிரி. திரும்பி வந்ததும் அதே இரண்டு கணக்கு மேசையில் காத்திருக்க வேண்டும். இது ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் பாழ்.

பத்தாம் வகுப்பு டீச்சர்:
சார் எல்லாவற்றையும் "தப்பிக்கிறான்" கணக்கில் எழுதிவிடுகிறார். சிரித்தது யாரைப் பார்த்து? கூட்டாளிகளைப் பார்த்து என்றால் அவனுக்கு வேண்டியது மேடை. அவனுக்கு அட்டை கொடுத்தால் அதையும் தூக்கிக் காட்டி ஒரு கைதட்டல் வாங்குவான்.

மேடை தேடுகிறவனிடம் குரலைத் தாழ்த்துங்கள். 1970லேயே ஓ'லியரி என்ற உளவியலாளரின் குழுவினர் சோதித்த விஷயம்தான்: வகுப்பே கேட்கும்படி கண்டிப்பதைவிட, அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி கண்டித்தபோது சேட்டை குறைந்தது. மேசைக்குப் பக்கவாட்டில் போய், குனிந்து, ஒரே ஒரு வாக்கியம்: "முதல் கணக்கைப் போடு, இரண்டு நிமிடத்தில் வந்து பார்க்கிறேன்." சொன்னதும் நகர்ந்துவிட வேண்டும். கீழ்ப்படிகிறானா என்று தலைமாட்டில் நின்றால் நாற்பது கண்களும் அங்கேதான் இருக்கும், அவன் பின்வாங்க வழியே இல்லை. சொன்ன மாதிரி இரண்டாவது நிமிடம் போய்ப் பார்ப்பதும் முக்கியம்.

"கண்டுகொள்ளாமல் விடுங்கள்" என்று யாராவது சொல்வதற்கு முன் ஒன்று. முதல் சில நாள் சேட்டை கூடும், பிறகுதான் இறங்கும். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கத்தினால், இவ்வளவு தூரம் போனால்தான் டீச்சர் திரும்புவார் என்று அவன் கற்றுக்கொள்வான். கவனம் உங்களிடமிருந்து வரும்போது மட்டுமே இந்த வழி பலிக்கும். பெஞ்சே சிரிக்கும்போது நீங்கள் மட்டும் முகத்தைத் திருப்பி என்ன பயன்? அடிப்பது, கிள்ளுவது என்று போனால் ஒரு நொடிகூட விடக் கூடாது, அது வேறு.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
இங்கே மேசைக்கு அடியில் போய் உட்காரும் குழந்தை. காலைப் பிடித்து இழுத்தால் இன்னும் உள்ளே போகும். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் எல்லோரும் "உட்காரு, உட்காரு" என்பதை முதலில் நிறுத்துங்கள். 1968இல் மேட்சன், பெக்கர் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் ஒன்றாம் வகுப்பில் எண்ணிப் பார்த்தார்கள்: டீச்சர் "உட்காரு" என்று சொல்வது கூடக் கூட, எழுந்து நிற்கும் பிள்ளைகளும் கூடினார்கள். உட்கார்ந்து வேலை செய்தவர்களைப் பாராட்டியபோது நிற்பது குறைந்தது. பாராட்டும்போது "வெரி குட்" போதாது. "நோட்டைத் திறந்து தேதி போட்டுவிட்டாய்" என்று செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பெரிய பிள்ளைகளை எல்லோர் முன்னும் பாராட்டினால் கூசுவார்கள், காதோடு சொல்லுங்கள். கட்டளையும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். "புத்தகத்தை மூடி நோட்டை எடுத்து மார்ஜின் போட்டு ஆறாவது கணக்கு" என்றால் பாதிப் பேர் மூடியதோடு நிற்பார்கள். கேள்வி கேட்டால் மூன்று நொடியாவது காத்திருங்கள். வகுப்பு தொடங்கும்போது வாசலில் நின்று பெயர் சொல்லி உள்ளே விடுங்கள், முகத்தைப் பார்த்தாலே அன்றைக்கு யார் வெடிப்பார்கள் என்று தெரிந்துவிடும். தொந்தரவு செய்கிறவனைக் கடைசி பெஞ்சில் போடவே போடாதீர்கள், நடக்கும் பாதை ஓரம் போடுங்கள், போகிற போக்கில் மேசையைத் தட்டலாம்.

விருந்தினர்:
பென்சில் எறிந்தவனுக்கு இரண்டு கணக்கு, ஒழுங்காக இருப்பவனுக்கு ஆறா? நல்ல நியாயம்.

அறிவியல் சார்:
இப்போது அவன் போடுவது பூஜ்யம். இரண்டு என்பது கூடுதல்தான். நாலு நாள் எறியாமல் ஓடினால் மூன்றாக்குங்கள், பிறகு நாலு. ஒரேயடியாக ஆறுக்குத் தாவினால் பென்சில் மறுபடி பறக்கும்.

கணக்கு டீச்சர்:
போன வார நோட்டை எடுத்துப் பார்த்தாயிற்று. 1/2 + 1/3 = 2/5. தொகுதியைத் தொகுதியோடு, பகுதியைப் பகுதியோடு கூட்டியிருக்கிறான், மூன்று பக்கம் முழுக்க அப்படியே. மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்றால் என்னவென்றே தெரியவில்லை. பத்தாம் வகுப்பு டீச்சர் கேட்டதற்கு: கூட்டாளிகளைப் பார்க்கவில்லை. பலகைக்கு மேலே கடிகாரம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சிரித்தான். பெல்லுக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.