ஜீ.ஜீ. பொன்னம்பலம் எந்தெந்தத் தேர்தலில் வென்றார், எதில் தோற்றார்?

அல்வாய்ப் பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இலங்கைத் தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர் பிறந்த ஊர் என்பதால் இங்கே வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது, ஆனால் ஒரு கதை மற்றதோடு பொருந்தவில்லை. அம்மம்மா "பொன்னம்பலத்தார் தோற்றதே கிடையாது" என்கிறார். பக்கத்து வளவு மாமா, தமிழரசுக் கட்சிதான் அவரை யாழ்ப்பாணத்தில் விழுத்தியது என்று அடித்துச் சொல்கிறார். வாசிகசாலைத் தலைவரோ, மலையக மக்களின் வாக்குரிமையைப் பறித்த சட்டத்துக்குக் கை தூக்கியதால் சனம் அவரைத் தூக்கி எறிந்தது என்கிறார். இணையத்தில் தேடினால், சிங்களவருக்குப் பாதி ஆசனம், மற்ற இனங்களுக்குப் பாதி என்ற "ஐம்பதுக்கு ஐம்பது" கேட்டவர் என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு வேண்டியது, எந்தத் தொகுதியில் எப்போது நின்றார், யாரிடம் தோற்றார், எங்கள் பருத்தித்துறையை ஏன் விட்டுப் போனார் என்பவைதான். முன்வரிசையில் வயதுபோன ஆட்கள் இருப்பார்கள், பிழையாகச் சொன்னால் அங்கேயே எழும்பித் திருத்துவார்கள். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கந்தர்மடம் வாத்தியார் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நான் முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவன், பிள்ளைகளுக்கு இவரைப் பற்றி ஒரு பந்திக்கு மேல் சொல்ல நேரம் கிடைத்ததே இல்லை, அந்தக் குறை எனக்கு உண்டு. ஆறுதலாக வாசியுங்கள்.

அவர் தோல்வியோடுதான் தொடங்கினார். அம்மம்மாவிடம் பதமாகச் சொல்லுங்கள். 1931இல் டொனமூர் அரசியலமைப்பின்படி சர்வசன வாக்குரிமையோடு முதல் அரசாங்க சபைத் தேர்தல் வந்தபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பூரண சுயராச்சியம் இல்லை என்று சொல்லி அதைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்த இளம் சட்டத்தரணி பொன்னம்பலம் அந்த முறை மன்னார் - முல்லைத்தீவில் நின்று தோற்றார். பிறகு பகிஷ்கரிப்பால் பயன் இல்லை என்று எல்லோருக்கும் விளங்க, 1934இல் இந்த நான்கு இடங்களுக்கும் இடைத்தேர்தல் வைத்தார்கள். அதில்தான் உங்கள் பருத்தித்துறையில் வென்று சபைக்குப் போனார். 1936இல் திரும்பவும் அங்கேயே வென்றார். அடுத்த தேர்தல் 1947 வரை வராததால் 13 வருடம் அவர் பருத்தித்துறையின் உறுப்பினர்.

இனி ஏன் விட்டுப் போனார் என்ற கேள்வி. 1944 ஓகஸ்டில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கினார், புதிய அரசியலமைப்புக்காகச் சோல்பரி ஆணைக்குழு வந்தபோது சமபல பிரதிநிதித்துவத்துக்காக, அதாவது அந்த ஐம்பதுக்கு ஐம்பதுக்காக, வாதாடினார், கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தின் உறுப்பினர் அருணாசலம் மகாதேவா, சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன், உள்நாட்டு அமைச்சர். அவர், பிறகு முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்கவோடு நின்றார். தமிழர் எந்தப் பக்கம் என்பதை நாட்டுக்குக் காட்டுவதற்கு அல்வாயில் வெல்வது போதாது, பட்டினத்துக்கு வந்து அமைச்சரையே நேருக்கு நேர் தோற்கடிக்க வேண்டும் என்பது ஜீ.ஜீ.யின் கணக்கு. பாதுகாப்பான தொகுதியை ஒருவர் தானாகவே விட்டுவிட்டு வருவது சின்ன விஷயம் இல்லை. முடிவு, பொன்னம்பலம் 14,324, மகாதேவா 5,224. தமிழ்க் காங்கிரஸ் மொத்தம் 7 இடங்களை எடுத்தது. காங்கேசன்துறையில் செல்வநாயகமும் கோப்பாயில் வன்னியசிங்கமும் அதே கட்சியில்தான் வென்றார்கள், பருத்தித்துறையும் காங்கிரசிடமே இருந்தது.

அடுத்த வருடம் அரசோடு சேர்ந்து கைத்தொழில், கடற்றொழில் அமைச்சரானார். அதில் கட்சி உடைந்து 1949 டிசம்பரில் செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்தது. இங்கேதான் பலபேர் பிழை விடுகிறார்கள். கட்சி உடைந்த உடனே சனம் அவரைக் கைவிட்டது என்று நினைக்கிறார்கள், நடந்தது அதற்கு நேர்மாறு. 1952இல் ஜீ.ஜீ. யாழ்ப்பாணத்தில் வென்றார், செல்வநாயகம்தான் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசனிடம் தோற்றார். தமிழரசுக்கு அந்த முறை 2 இடம், காங்கிரசுக்கு 4.

பிறகு 1953இல் கொத்தலாவல பிரதமரானதும் அமைச்சுப் பதவி போனது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வரப்போகிறது என்ற கொதிப்பில் தமிழரசு 10 இடங்களை அள்ளியது. காங்கிரசுக்கு ஒரே ஓர் இடம், அது யாழ்ப்பாணம், அவருடையது. அந்த அலையிலும் பட்டினம் அவரை விடவில்லை. 1960 மார்ச்சில்தான் விட்டது, ஜூலையில் திரும்பவும் விட்டது. இரண்டு முறையும் வென்றவர் அல்பிரட் துரையப்பா, சுயேச்சை. ஆகவே உங்கள் பக்கத்து வளவு மாமா சொல்வது அந்த இரண்டு தேர்தலுக்கும் பொருந்தாது. 1965இல் ஜீ.ஜீ. தொகுதியைத் திரும்பப் பிடித்தார், 1970இல் இழந்தார், அதன் பிறகு நிற்கவில்லை.

குருநகர் சேவியர் எழுதியது:

வாத்தியார் தேர்தலை வரிசைப்படுத்தித் தந்துவிட்டார், நான் 1970ஐப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஐயா கடலுக்குப் போகிறவர், அன்றிரவு போகவில்லை. விறாந்தையில் வானொலியை வைத்துக்கொண்டு சுற்றிவர ஏழெட்டுப் பேர், நிலத்தில் இருந்தபடி முடிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத் தொகுதி வந்ததும் ஐயா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினார். தமிழரசின் மாட்டின் 8,848. துரையப்பா 8,792. பொன்னம்பலம் 7,222. கழித்துப் பார்த்து 56 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அந்தத் தாள் கனகாலம் எங்கள் ரங்குப் பெட்டிக்குள் இருந்தது, 95 இடப்பெயர்வோடு போய்விட்டது. ஆனால் அந்த வட்டம் இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். ஐயா துரையப்பாவுக்குத்தான் போட்டார், பெரியப்பா கடைசிவரைக்கும் ஜீ.ஜீ. துரையப்பா தெருவில் நின்று கதைப்பார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வேலை விஷயமாகப் போனால் அப்போதே கடிதம் எழுதித் தருவார் என்று ஐயா சொல்வார். குருநகர், பாசையூர், சோனகதெரு என்று பட்டினத்தின் எளிய சனம் அவரோடு நின்றதற்கு அதுதான் காரணம். பொன்னம்பலத்தாரின் பேச்சைக் கேட்க எல்லோரும் போவார்கள், கை தட்டுவார்கள், ஆனால் அவர் கொழும்பில் பெரிய வழக்குகள் பேசுகிற ஆள், ஒரு காரியத்துக்கு அவரைத் தேடிப் பிடிக்கிறது எப்படி என்பது எங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லை. பெரியப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "கடற்றொழில் அமைச்சராக இருந்து எங்களை எண்ணிய முதல் தமிழன் அவர்தானே" என்று சத்தம் போடுவார். இரண்டு பேரும் அதற்காக ஒரு கிழமை முகம் பார்க்காமல் இருந்ததும் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள், மொத்தமாகப் பார்த்தால் மூன்று பேருக்கும் விழுந்தது 25 ஆயிரத்துக்கும் குறைவு. அவ்வளவு சின்னத் தொகுதி. ஒரு தெருச் சனம் மனம் மாறினால் முடிவு மாறும். தமிழரசுக்கு இந்தத் தொகுதி முதல்முறை கிடைத்ததும் அப்போதுதான், அதுவும் 56 வாக்கில். வென்ற மாட்டினையும் அடுத்த வருடமே கட்சி வெளியே போட்டுவிட்டது. துரையப்பா மேயரானார், 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொன்றார்கள். அதைப் பற்றி எழுதினால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும், ஆனால் அந்த இரவு வானொலிக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருவரும் அப்படி ஒரு முடிவை நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு இன்னும் அது ஆறாது.

கிளிநொச்சி மலர் எழுதியது:

மூன்றாவது கதைக்கு நான் பதில் எழுத வேண்டும். என் தாத்தா நுவரெலியாப் பக்கத் தோட்டத்தில் வேலை செய்தவர், 77 கலவரத்துக்குப் பிறகுதான் நாங்கள் வன்னிக்கு வந்தோம். தாத்தா 1947இல் வாக்குப் போட்டார். 1952இல் அவருக்கு வாக்கு இல்லை. அதே தோட்டம், அதே லயம், அதே மனிதர்.

பொன்னம்பலம் கை தூக்கினார் என்பதை எல்லோரும் ஒரே சட்டம்போலச் சொல்கிறார்கள். சட்டங்கள் ஒன்றுக்கு மேல். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர் எதிர்க்கட்சியில் இருந்தார், எதிர்த்துத்தான் வாக்களித்தார். அதற்குப் பிறகுதான் அமைச்சரவைக்குப் போனார். போன பிறகு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவிடக்காரர் குடியுரிமைச் சட்டம், அதாவது 1949இன் 3ஆம் இலக்கம், அதற்கு ஆதரவாக நின்றார். செல்வநாயகம் பிரிந்ததும் இந்த இடத்தில்தான். அவரை நியாயப்படுத்துகிறவர்கள் முதல் சட்டத்தை மட்டும் சொல்வார்கள், திட்டுகிறவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள். தம்பி, நீங்கள் இரண்டையும் சொல்லுங்கள்.

என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவதை எதிர்த்த மனிதர் இரண்டாவதோடு உடன்பட்டது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது, ஏனென்றால் அதன் பாரம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதற்காகச் சனம் தூக்கி எறிந்தது என்பது உண்மை இல்லை, வாத்தியார் எழுதியதைப் பாருங்கள், அதற்குப் பிறகு 52இலும் 56இலும் யாழ்ப்பாணம் அவரைத்தான் அனுப்பியது. எங்கள் வாக்குப் போனதற்கு யாழ்ப்பாணத்து வாக்காளர் அவரைத் தண்டிக்கவில்லை. தண்டித்தார்கள் என்று சொல்லிக்கொண்டால் கேட்க ஆறுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

கந்தர்மடம் வாத்தியார் எழுதியது:

மலர் பிள்ளை சொன்னது சரி, நான் வகுப்பில் இரண்டு சட்டங்களையும் ஒன்றாகக் குழைத்துத்தான் சொல்லியிருக்கிறேன், இன்றைக்குத் திருத்திக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 70 தோல்வியோடு அவரை நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தேர்தலில் அவர் மட்டும் விழவில்லை, வட்டுக்கோட்டையில் தமிழரசின் அமிர்தலிங்கமும் உடுப்பிட்டியில் காங்கிரசின் சிவசிதம்பரமும் விழுந்தார்கள். 1972இல் தமிழரசும் தமிழ்க் காங்கிரசும், மலையகத் தலைவர் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் ஒரு கூட்டணியில் சேர்ந்தன. 1976இல் அமிர்தலிங்கம் உட்பட நான்கு தலைவர்களைக் கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன் நிறுத்தியபோது, குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் தரப்புக்குத் தலைமை தாங்கி வாதாடியவர் ஜீ.ஜீ.தான், வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதே தரப்பில் செல்வநாயகமும் இருந்தார். 1949இல் பிரிந்தவர்கள். அடுத்த வருடம் பெப்ரவரியில் பொன்னம்பலம் மலேசியாவில் காலமானார், ஏப்ரலில் செல்வநாயகம். 77 ஜூலைத் தேர்தலை இருவரும் பார்க்கவில்லை. அதில் யாழ்ப்பாணத் தொகுதியில் மகன் குமார் பொன்னம்பலம் சுயேச்சையாக நின்று கூட்டணியின் யோகேஸ்வரனிடம் தோற்றார்.

அல்வாய்ப் பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. இரவு அம்மம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 1931 மன்னார்த் தோல்வியை நம்பவே இல்லை, "அது எங்கட ஊரில இல்லையே" என்றார். அது சரிதான், பருத்தித்துறையில் அவர் தோற்கவே இல்லை. அம்மம்மாவின் கதை ஒரு தொகுதி அளவுக்கு முழு உண்மை என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

பேச்சை மாற்றி எழுதுகிறேன். ஐம்பதுக்கு ஐம்பதில் தொடங்காமல், 1947இல் அவர் எங்களை விட்டு ஏன் பட்டினத்துக்குப் போனார் என்பதில் தொடங்கப் போகிறேன். மலர் அக்கா சொன்ன இரண்டு சட்டங்களும் வரும், தலைவருக்குப் பிடிக்காவிட்டாலும் வரும். சேவியர் அண்ணை, உங்கள் ஐயா போட்ட வட்டத்தைச் சொல்லலாமா? உங்கள் பெயர் சொல்ல மாட்டேன்.

குருநகர் சேவியர் எழுதியது:

சொல்லுங்கள் தம்பி. பெரியப்பாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.